விளக்குமாற்றை விளக்கியவர்கள்: காட்டூர் வீடுகளின் துப்புரவுக் கருவிகள்

ஒரு வீட்டின் துப்புரவை அளக்க முனைபவர் தரையையும் பாத்திரத்தையும் பார்ப்பதோடு நின்றுவிடுவது வழக்கம். தரையைப் பெருக்கிய துடைப்பமும், பாத்திரத்தைத் தேய்த்த நாரும், மாவரைத்த கல்லும் எவ்வாறு தூய்மை பெற்றன, அந்தத் தூய்மையைச் செய்தவர் யார் என்ற கேள்வி எழுவது அரிது. ஆயினும் வீட்டு வாழ்க்கையின் வரலாற்றை எழுத விரும்புவோர்க்கு இக்கேள்வியே நல்ல நுழைவாயில். பழைய வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை, அழுக்கேறி முடிப்பதற்குள் மண்ணுக்குத் திரும்பிவிடும் பொருள்களால் ஆனவை. எஞ்சிய கல்லும் உலோகமும் உரிய காலத்தில் ஒரு கைவினைஞரின் உளியாலோ வீட்டுப் பெண்ணின் கையாலோ புதுப்பிக்கப்பட்டவை. அழியாத பொருளும் மூடிய எந்திரமும் வீட்டுக்குள் புகுந்த பிறகே, கருவியைக் கழுவுவது என்பது முடிவில்லாத தனி வேலையாயிற்று.

இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்கு அரண்மனைகளைக் காட்டிலும் காட்டூர் போன்ற புறநகரே தக்க இடம். திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்தது அது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் முடியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இப்பகுதி வழியே செல்கிறது. சோழர் காலத்தது என்று கருதப்படும் அந்த வாய்க்கால் நெல்லையும் வைக்கோலையும் உமியையும் தந்தது, ஆற்றோரத் தோப்புகள் தென்னையைத் தந்தன. வீட்டைத் தூய்மை செய்வதற்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு பயிர்களிலிருந்தே கிடைத்தன என்று சொன்னால் அது மிகையாகாது. பின்னர் 1960-களில் கொதிகலன் ஆலையும் படைக்கலத் தொழிற்சாலையும் அண்மையில் எழுந்தபோது, வயல்கள் மனைகளாகி, ஓரிரு தலைமுறைக்குள் அடுப்புச் சாம்பலிலிருந்து சலவை எந்திரம் வரையிலான முழுத் தொலைவையும் இவ்வூர் வீடுகள் கடந்தன.

முதலில் பெயர்களைக் கவனிக்க வேண்டும். 'விளக்குதல்' என்ற வினைக்கு ஒளிபெறச் செய்தல், தேய்த்துத் தூய்மையாக்குதல் என்ற பொருள்கள் உண்டு. பாத்திரம் விளக்குதல், பல் விளக்குதல் என்ற வழக்குகள் இன்றும் உள்ளன. 'மாறு' என்பது சேர்த்துக் கட்டிய குச்சிகளின் கற்றை. எனவே விளக்குமாறு என்பது இடத்தை ஒளிபெறச் செய்யும் கற்றை என்றாகிறது. வசைச்சொல்லாக இறங்கிப்போன இச்சொல்லின் பிறப்பு அத்துணை அழகானது. குப்பையை நீக்குதல் என்னும் பொருளுடைய 'சீத்தல்' என்ற பழைய வினையிலிருந்து சீமாறு வந்தது என்பர். தென்மாவட்டங்களில் வாருவதால் வாரியல், துடைப்பதால் துடைப்பம், பெருக்குவதால் பெருக்குமாறு என்று, தொழிலே பெயராக நின்றது.

கோயிலுக்குள் நுழைந்தவுடன் இதே கருவி 'திருவலகு' என்று மதிப்புப் பெறுகிறது. அலகிடுதல் என்றால் பெருக்குதல், மெழுக்கிடுதல் என்றால் சாணநீரால் தரையைப் பூசுதல். சோழர் காலக் கல்வெட்டுகள் திருவலகிடுவோரையும் திருமெழுக்கிடுவோரையும் கோயிற் பணியாளராகக் குறிப்பதோடு, மெழுகும் பணிக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைத் 'திருமெழுக்குப்புறம்' என்றும் சுட்டுகின்றன. துப்புரவுப் பணிக்கு நிலம் ஊதியமாக அமைந்த ஒரு காலத்தை அச்சொல் நினைவூட்டுகிறது. காட்டூருக்குக் கிழக்கே சிறு தொலைவில் உள்ள திருவெறும்பூர், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசரின் பதிகம் பெற்ற தலம். புல்லும் முள்ளும் செதுக்கும் உழவாரம் என்ற கருவியைக் கையில் ஏந்திய கோலத்திலேயே தமிழ்நாட்டுக் கோயில்கள் அவருக்குச் சிலை வைத்திருக்கின்றன. ஒரு துப்புரவுக் கருவியை அடையாளமாகக் கொண்ட பெரியவர் தமிழ்ச் சமய மரபின் நடுவில் நிற்பது, அக்கருவிகளைக் கையாளும் மக்களுக்கு உரிய மதிப்பு வழங்கப்படாத சமூகத்தில் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி.

இதற்கு எதிர்முனையில் நிற்பவள் சேட்டை. வடமொழியில் ஜேஷ்டா என்றும், மக்கள் வழக்கில் மூதேவி என்றும் அழைக்கப்படும் இத்தெய்வத்துக்குக் காக்கைக் கொடியும் கழுதை ஊர்தியும் துடைப்பமும் அடையாளங்களாகச் சொல்லப்படுகின்றன. பல்லவர், பாண்டியர், முற்காலச் சோழர் காலங்களில் இவளுக்கு வழிபாடு இருந்தது என்பதைத் திருப்பரங்குன்றம் குடைவரையும், திருச்சிராப்பள்ளி உய்யக்கொண்டான் திருமலைக் கோயிலில் உள்ள சேட்டைச் சிற்பமும் காட்டுகின்றன. வழிபாடு மறைந்தபின் அச்சம் மட்டும் எஞ்சியது. அழுக்கை நீக்கும் கருவி, அழுக்கோடு நாளெல்லாம் உறவாடுவதால் தானும் அழுக்கின் பக்கம் சேர்ந்தது என்ற எண்ணமே துடைப்பம் பற்றிய வீட்டு விதிகள் அனைத்துக்கும் அடிப்படை. துடைப்பத்தைக் காலால் மிதிக்கலாகாது, தாண்டலாகாது, வாசலிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி வைக்கலாகாது, விளக்கேற்றிய பிறகு பெருக்கலாகாது என்று பாட்டிமார் விதித்தவற்றில், நம்பிக்கையோடு நடைமுறை அறிவும் கலந்திருந்தது. விளக்கின் மங்கிய ஒளியில் பெருக்கினால் தரையில் விழுந்த மூக்குத்தியும் தோட்டின் திருகும் குப்பையோடு போய்விடும். கதவின் பின்னால் மூலையில் ஒதுக்கப்பட்ட துடைப்பம் சோற்றுப் பானையின் அருகே வராது.

திருச்சி வட்டாரத்து வீடுகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது தென்னந்துடைப்பமே. கீற்றிலிருந்து ஓலையைக் கிழித்து நீக்கி எடுக்கும் நடுநரம்புக்கு ஈர்க்கு என்று பெயர். ஒரு தென்னை மட்டையில் 200-க்கும் மேற்பட்ட ஓலைகள் இருப்பதால், சில மட்டைகள் விழுந்தால் ஒரு துடைப்பத்துக்கு வேண்டிய ஈர்க்கு சேர்ந்துவிடும். ஈர்க்கைச் சீவிச் சேர்த்து, அடியைச் சமமாக வெட்டி, கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். மிதிவண்டி பெருகிய பிறகு பழைய டியூபை வளையமாக வெட்டிக் கொண்டையில் மாட்டும் வழக்கம் வந்தது. பயன்படுத்தப் பயன்படுத்த ஈர்க்குகள் காய்ந்து சுருங்கிக் கட்டு தளரும். அப்போது துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, அதன் அடியைக் கல்தரையில் நாலைந்து முறை தட்டினால், முன்னும் பின்னுமாக நீண்ட ஈர்க்குகள் ஒன்றுசேர்ந்து கட்டு மீண்டும் இறுகும். அந்தத் தட்டலில்தான் அன்றன்றைய துடைப்பத் துப்புரவும் முடிந்துவிடும்: நுனியில் சிக்கிய தலைமுடியையும் நூலையும் கையால் உருவி எறிந்து, ஈர வாசலைப் பெருக்கிய நாளில் ஒரு சொம்பு நீரூற்றி அலசி, கொல்லைச் சுவரில் வெயில் படும்படி சாய்த்துவைப்பார்கள். திருச்சியின் வெயிலுக்கு முன்னால் ஈரமும் பூஞ்சையும் நில்லா. நுனி தேய்ந்து குட்டையான பிறகு அதே துடைப்பம் மாட்டுக்கொட்டிலுக்கும், அங்கிருந்து சாக்கடைக்கும் இறங்கி, இறுதியில் வெந்நீர் அடுப்பில் எரிந்து சாம்பலாகி, மறுநாள் பாத்திரம் தேய்க்க வந்து சேரும். ஒரு கருவி தன் முடிவில் இன்னொரு கருவியாக மாறிய அந்த ஒழுங்கை விரிவாக எழுதுவதற்குக் காரணம், அது இப்போது அறவே மறைந்துவிட்டது என்பதே.

பூந்துடைப்பம் பிற்காலத்தது. மேகாலயம், அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களின் மலைச்சரிவுகளில் வளரும் ஒருவகைப் புல்லின் பூங்கதிர்களைக் கட்டிச் செய்யப்படும் இது, சிமெண்டுத் தரையும் மொசைக் தரையும் பரவிய பிறகே இங்கு வீட்டுக்குள் நிலைபெற்றது. சாணம் மெழுகிய மண்தரைக்கு ஈர்க்கின் விறைப்புத் தேவைப்பட்டது, வழவழப்பான தரைக்கோ நுண்ணிய தூசியை ஒற்றி எடுக்கும் மென்மை தேவைப்பட்டது. இதன் துப்புரவு முறையும் வேறு. புதிதாக வாங்கிய பூந்துடைப்பம் பல நாள் தன் பூத்தூளை உதிர்த்து, பெருக்கிய இடத்தையே மீண்டும் அழுக்காக்கும் என்பதால், அதைத் தெருவில் கொண்டுபோய் மதிலில் அடித்து உதறி, சீப்பால் வாரி, அதன் பிறகே வீட்டுக்குள் கொண்டுவருவார்கள். துடைப்பத்தையே தூய்மை செய்து தொடங்கவேண்டிய நிலை இங்குதான் முதன்முதலாகத் தெளிவாகத் தோன்றுகிறது.

பாத்திரம் தேய்த்தலின் கதை இதைவிடத் துலக்கமானது. கிணற்றடியில் குவித்துவைத்த அடுப்புச் சாம்பல், ஒரு கொட்டாங்குச்சியில் ஊறும் பழம்புளி, கைப்பிடி வைக்கோல் அல்லது தேங்காய் நார் ஆகிய மூன்றும் போதுமானவையாக இருந்தன. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு என்னும் காரப்பொருள் இருப்பதால் அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகவே செயற்பட்டது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி மணலின் இனத்ததான சிலிக்கா என்பதால் அது தேய்க்கும் தூளாயிற்று. புளியின் அமிலம் பித்தளை, செம்புப் பாத்திரங்களின் மேற்படிந்த கறுப்பைக் கரைத்தது. காரமும் அமிலமும் உராய்வும் என்ற இந்த மூன்று வழிகளுக்கு அப்பால் இன்றைய கடைகளில் விற்கும் தூள்களும் திரவங்களும் பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. இவற்றோடு பீர்க்கங்காயை முற்றவிட்டு உலர்த்தி எடுத்த பீர்க்கங்கூடும் சில வீடுகளில் தேய்ப்பானாக இருந்தது. வைக்கோற் பிடியைப் பொறுத்தவரை, அதைக் கழுவிவைக்கும் பேச்சே எழவில்லை. ஒருவேளைப் பாத்திரம் தேய்த்து முடித்ததும் எச்சிலும் எண்ணெயும் ஏறிய அந்த வைக்கோல் எருக்குழிக்குப் போயிற்று, அடுத்த வேளைக்குப் போரிலிருந்து புதிய பிடி வந்தது.

எறிவதும் பேணுவதும் ஆகிய இவ்விரு நெறிகளையும் அருகருகே நிறுத்திக் காட்டும் இடம் திருவரங்கம். அங்கே பெருமாளுக்குத் தளிகை, அதாவது படையலுக்கான சமையல், புதிய மண்பானைகளில் செய்யப்படுவது மரபு. ஒருமுறை சமைத்த பானை மீண்டும் அடுப்பேறுவதில்லை. மண்பானையின் நுண்துளைகளில் புகுந்த எண்ணெயையும் சாற்றையும் முழுமையாக வெளியேற்ற இயலாது என்ற அடுக்களை உண்மையும், எச்சிலற்ற தூய்மை என்ற சமய நெறியும் அதில் ஒன்றுசேர்கின்றன. அதே கோயிலில் ஆனி மாதத்துக் கேட்டை நாளில் நடைபெறும் ஜேஷ்டாபிஷேகத்தில், நம்பெருமாள் திருமேனியில் ஆண்டு முழுவதும் அணிவிக்கப்பட்டிருக்கும் பொற்கவசம் களையப்பட்டு, திருவாபரணங்களோடு தூய்மை செய்யப்பட்டு, பழுது இருந்தால் செப்பனிடப்பட்டு மீண்டும் சாத்தப்படுகிறது. அதற்குரிய நீர் காவிரியிலிருந்து பொற்குடத்தில் யானைமீது வருகிறது. மூதேவியின் பெயராகிய ஜேஷ்டாவும் இந்த விழாவின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதற்குக் காரணம், கேட்டை என்னும் விண்மீனுக்கு வடமொழியில் ஜ்யேஷ்டா என்று பெயர் என்பதே. பொன் நிலைக்கும், ஆகவே அதற்கு ஆண்டுக்கொரு துப்புரவு நாள் வேண்டும்; மண் நிலைக்காது, ஆகவே அதற்குத் துப்புரவே வேண்டாம். வீட்டுக் கருவிகளும் இந்த இரு முனைகளுக்கு இடையிலேயே தம் இடத்தைக் கண்டன.

கல்லுக்கு மட்டும் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அது மேற்பரப்பையே புதிதாக்குவது. அம்மி, ஆட்டுக்கல் ஆகியவை அரைக்க அரைக்க வழுக்கையாகும். வழுக்கையான கல்லில் மிளகாய் நசுங்குமே தவிர மசியாது. மேலும், தேய்ந்த குழிகளின் ஓரங்களில் பழைய மசாலாவின் நாற்றம் ஊறிப்போய், தேங்காய் அரைத்தால் பூண்டு மணக்கும். அத்தகைய வேளையில் தெருவில் 'அம்மி கொத்தலையா அம்மி' என்ற குரல் கேட்டால், வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து கைதட்டி அழைப்பார்கள். கொத்துபவர் ஆணாகவும் இருப்பார், பெண்ணாகவும் இருப்பார்; கையில் ஒரு சுத்தியலும் கூர்தீட்டிய இரண்டு மூன்று உளிகளும் மட்டும். அம்மியை நீரூற்றித் தேய்த்துக் கழுவித் துடைத்தபின், உளியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, ஓர் ஓரத்தில் தொடங்கி வரிசை பிசகாமல் மறு ஓரம் வரை புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டே போவார். தெறிக்கும் கற்சில்லுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு காப்பு இருந்ததில்லை. குழவிக்கும் அதேபோல். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் கொத்தினால்தான் அரைபடும் பொருள் வெளியே வழியாமல் நடுவுக்குத் திரும்பும் என்பது அவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்தது.

கொத்திய கல்லை உடனே பயன்படுத்தக் கூடாது. உளி பட்ட இடங்களில் ஒட்டியிருக்கும் கல்மாவு சோற்றில் கலந்தால் பல்லில் நறநறக்கும். ஆகவே முதலில் தவிட்டை நனைத்துப் போட்டு அரைத்து எறிவார்கள், பிறகு கைப்பிடி அரிசியை ஊறவைத்து அரைத்து அதையும் எறிவார்கள், அரைத்த மாவை விரலால் தடவிப் பார்த்து நறநறப்பு நின்றதென்று தெரிந்த பிறகே அன்றைய துவையல் அம்மியேறும். கருவியைத் தூய்மை செய்வதற்கு உணவையே ஒரு பங்கு செலவிட்ட இந்தப் பழக்கம், அரிசியை ஒருபோதும் சிந்தாத வீடுகளில் தயக்கமின்றி நடந்தது என்பது, அக்காலத்து அடுக்களை தன் கருவிக்கு அளித்த மதிப்பைக் காட்டுகிறது.

முறத்தின் பேணலும் இதைப் போன்றதே. மூங்கிற் பிளாச்சுகளால் பின்னப்பட்ட முறத்தின் இடுக்குகளில் தவிடும் நொய்யும் சிக்கினால் வண்டு பிடிக்கும். கழுவினாலோ மூங்கில் ஊறிக் கட்டு விட்டுப்போகும். எனவே சாணத்தையும் ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையும் குழைத்து இடுக்குகள் அடைபடும்படி பூசி வெயிலில் காயவைப்பார்கள். வெந்தயத்தின் பசை காய்ந்ததும் ஒரு மெல்லிய தோல் போலப் படிந்துகொள்ளும். அழுக்கு தங்கும் இடத்தையே இல்லாமல் ஆக்கிவிடும் முறை இது.

துடைக்கும் துணிகளில் நெறி இன்னும் கடுமையானது. சுடுபாத்திரம் இறக்கும் கரித்துணி, அடுப்பு மேடை துடைக்கும் துணி, சாப்பிட்ட இடம் துடைக்கும் துணி, கூடம் மெழுகும் துணி என ஒவ்வொன்றும் தனித்தனி ஆணியில் தொங்கின. ஒன்றன் வேலைக்கு மற்றொன்றை எடுப்பது குற்றமாகவே கருதப்பட்டது. திருவரங்கத்துத் தெருக்களில் மடி, ஆசாரம் என்ற பெயரிலும், மற்ற வீடுகளில் வெறும் வழக்கம் என்ற பெயரிலும் இது நடந்தது. சோறு பட்ட, எச்சிலான பாத்திரத்தைப் 'பத்துப் பாத்திரம்' என்று வேறுபடுத்திய சொல்லும் அதே பிரிவினையின் விளைவு. இன்று மருத்துவமனைகளில் கழிவறைக்கு ஒரு நிறம், நோயாளி அறைக்கு ஒரு நிறம் என்று துடைப்பான்களை நிறத்தால் பிரிக்கும் ஏற்பாட்டில் செயற்படும் அறிவும் இதுவே: ஓரிடத்தின் அழுக்கை இன்னோரிடத்துக்குக் கருவி கொண்டுபோகக் கூடாது. ஆனால் வீட்டு நெறி கருவிகளைப் பிரித்ததோடு நிற்காமல் மனிதரையும் பிரித்தது. கொல்லைப்புறத்துத் துடைப்பத்தைத் தொட்டவரைக் கூடத்துக்குள் விடாத வீடுகள், துடைப்பத்துக்குக் காட்டிய பேணலைக்கூட அம்மனிதருக்குக் காட்டவில்லை. 1866-இல் திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்த பிறகு தெருப் பெருக்கலும் கழிவகற்றலும் அரசு வேலைகளாயின. ஆயினும் அவ்வேலை யாருக்கு விதிக்கப்பட்டது என்பதில் நெடுங்காலம் மாற்றமில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடை விதிக்கும் சட்டம் 1993-இல்தான் வந்தது, மீண்டும் 2013-இல் வலுப்படுத்தப்பட்டது. துப்புரவுக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் இந்த அநீதியைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அவ்வரலாறு குறையுடையது.

பொன்மலைத் தொடர்வண்டிப் பட்டறை 1928-இல் இயங்கத் தொடங்கியதும், செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் ஒத்துழைப்போடு 1965-இல் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை திருவெறும்பூர்ப் பகுதியில் எழுந்ததும், அடுத்த ஆண்டே படைக்கலத் தொழிற்சாலை சேர்ந்ததும் திருச்சியின் கிழக்குப் பகுதியைப் பட்டறை நகரமாக்கின. பட்டறைக்குரிய துப்புரவு ஒழுக்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் எந்திரத்தைத் துடைத்து எண்ணெயிட்ட பின்னரே தொழிலாளி வீடு திரும்புவார். துடைப்பதற்கு நூலாலைகளின் கழிவு நூல் பயன்பட்டது, 'வேஸ்ட்' என்றே அதற்குப் பெயர். எண்ணெய் குடித்த வேஸ்ட் கழுவப்படாமல் எறியப்பட்டது. கிணற்றடி வைக்கோற்பிடியின் பட்டறை உறவினன் அது. ஆலைத் தொழிலாளர் குடியேறிய காட்டூர்த் தெருக்களில் ஆயுத பூசை வெறும் சடங்காக இல்லாமல், ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு கருவியையும் கழற்றிப் பார்க்கும் நாளாக அமைந்ததற்கு இந்தப் பட்டறைப் பழக்கமும் காரணமாக இருந்திருக்க வேண்டும். மிதிவண்டியின் சங்கிலி மண்ணெண்ணெயில் ஊறும். தையல் எந்திரத்தின் அடித்தகட்டைத் திறந்து நூற்பிசிறை ஊசியால் வாரி எடுப்பார்கள். மின்விசிறி இறங்கி இறக்கை கழற்றப்படும். அரிவாள்மனையும் கத்தியும் புளிபோட்டுத் தேய்க்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறும். பல வீடுகளில் அன்று துடைப்பத்துக்கும் முறத்துக்கும் பொட்டு உண்டு. ஆண்டு முழுவதும் கதவின் பின்னால் ஒளிந்துநின்ற கருவி, அந்த ஒரு நாள் கூடத்தில் மற்றவற்றோடு சமமாக வைக்கப்பட்டது.

எரிவாயு அடுப்பு வந்ததோடு சாம்பல் நின்றது. இதை ஒரு சிறிய மாற்றமாக எண்ணிவிட முடியாது. அதுவரை விலையின்றிக் கிடைத்த தேய்ப்புத் தூள் அன்றோடு கடைச்சரக்காயிற்று. சபீனா என்னும் தேய்ப்புத் தூளும், பின்னர் 1990-களில் பரவிய பாத்திரச் சோப்புக் கட்டிகளும், அவற்றோடு பச்சை நிறச் செயற்கை நாரும் நுரைப்பஞ்சும் அந்த இடத்தை நிரப்பின. நுரைப்பஞ்சு ஒருநாளில் எறியப்படாதது, வாரக்கணக்கில் தொட்டியோரம் ஈரமாகவே கிடப்பது. உணவுத் துணுக்கும் ஈரமும் வெப்பமும் ஒருங்கே அமைந்த அதன் துளைகள் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற குடியிருப்பு. ஜெர்மனியில் வீடுகளிலிருந்து பெற்ற 14 பஞ்சுகளை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, ஒரு கன சென்டிமீட்டரில் சில இடங்களில் 5,400 கோடி வரை பாக்டீரியாக்கள் இருப்பதைக் கண்டது. அவ்வப்போது கொதிநீர் முதலியவற்றால் தூய்மை செய்துவந்ததாகச் சொல்லப்பட்ட பஞ்சுகளின் நிலையும் மேலாக இல்லை என்பதால், வாரம் ஒருமுறை மாற்றிவிடும்படி ஆய்வாளர் அறிவுறுத்தினர். வைக்கோற்பிடியை வேளைதோறும் எறிந்த கிணற்றடிப் பெண்கள், நுண்ணோக்கி இல்லாமலே இதைக் காட்டிலும் கடுமையான விதியைக் கைக்கொண்டிருந்தனர்.

அரவைக் கருவிகளின் மாற்றமும் அதே காலத்தது. கோயம்புத்தூரில் 1955-இல் ப. சபாபதி என்பவர் மின்விசையால் இயங்கும் மாவரைப்பானை உருவாக்கினார். 1960-களில் மிக்சி வந்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லாத் திட்டத்தின் வழியே மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் மூன்றும் ஏழை வீடுகளையும் எட்டின. அம்மியோடு பல மணிநேரம் மல்லாடிய பெண்களின் தோளுக்கும் இடுப்புக்கும் இவை தந்த விடுதலை பெரிது. அதைக் குறைத்துப் பேசுவோர் ஒருநாளேனும் ஆட்டுக்கல்லில் உளுந்து அரைத்தவராக இருக்கமாட்டார். எனினும் அழுக்கு இடம்பெயர்ந்தது. அம்மியில் அழுக்கு கண்ணுக்கு நேரே வெயிலில் கிடந்தது. மிக்சியில் அது அலகின் அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் ஒளிந்தது. கிரைண்டரில் நடுத்தண்டைச் சுற்றிப் புளித்த மாவாகப் படிந்தது. வளையத்தைப் பெயர்த்தெடுத்து, குச்சியால் சுரண்டி, வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்தி மீண்டும் பொருத்துவது என்ற நுட்பமான வேலை, அம்மி கொத்துபவரின் கையிலிருந்து வீட்டாரின் கைக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்ணின் கைக்கே, ஓசையின்றி மாறியது. இதற்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

சலவை எந்திரத்தில் நிலை இன்னும் வினோதமானது: அழுக்கை நீக்குவதற்கென்றே செய்யப்பட்ட கருவி, நீக்கிய அழுக்கைத் தன்னுள் சேர்த்துவைக்கிறது. நூற்பிசிறு வடிகட்டியில் திரள்கிறது. சோப்புத்தூள் அறையில் பசை படிகிறது. ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சூடேறும்போது வெள்ளைக் கறையாக இறுகி உலோகப் பாகங்களில் ஒட்டுகிறது. ஆற்றுநீரும் வாய்க்கால்நீரும் மென்மையானவை. வாய்க்காலில் துவைத்த தலைமுறைக்குத் தெரியாத இந்தக் கறை, ஆழத்திலிருந்து இறைத்த நீரோடு வீட்டுக்குள் வந்தது. இதனைப் போக்கக் கடையில் விற்கும் தூளின் முதற்பொருள் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். கொட்டாங்குச்சியில் ஊறிய பழம்புளி செம்புக் குடத்தின் கறுப்புக்குச் செய்த அதே வேலையை, அதன் உறவுப்பொருள் ஒன்று எந்திரத்தின் உள்வயிற்றில் செய்கிறது.

கழிக்கப்பட்ட கருவிகள் சென்றடையும் இடமும் மாறிவிட்டது. போகியன்று தேய்ந்த துடைப்பமும் கிழிந்த பாயும் ஒடிந்த முறமும் வாசலில் எரிந்து சாம்பலாக, பொங்கலுக்குப் புதியவை வாங்கப்பட்டன. அப்போது எரிந்தவை அனைத்தும் புல்லும் ஓலையும் மூங்கிலும். இன்று பிளாஸ்டிக் இழைத் துடைப்பம், நைலான் நார், நுரைப்பஞ்சு, மாப் தலை, உடைந்த மிக்சி மூடி ஆகியவற்றை எரித்தால் நச்சுப்புகை எழும் என்பதால் அவை குப்பை வண்டியில் ஏறுகின்றன. காட்டூருக்கு மேற்கே அண்மையில் உள்ள அரியமங்கலம் குப்பைக் கிடங்கில் மாநகரத்தின் பல பத்தாண்டுக் கழிவு மலையாகக் குவிந்து, அடிக்கடி தீப்பற்றி, சுற்றுவட்டாரத்து மக்களின் மூச்சை முட்டச் செய்தது. அண்மை ஆண்டுகளில் உயிரி அகழ்வு என்னும் முறையில், அதாவது பழைய குப்பையைக் கிளறி உலர்த்தித் தரம்பிரித்து அகற்றும் முறையில், அக்குவியலைக் கரைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அம்முறையில் குப்பை பெரிய சுழல் சல்லடைகளுக்குள் செலுத்தப்படுகிறது. மக்கிப்போன ஓலையும் நாரும் ஈர்க்கும் சாம்பலும் மண்ணாகக் கண்களின் வழியே கீழே உதிர்கின்றன, நைலான் இழையும் பஞ்சும் ரப்பர் வளையமும் சல்லடையின் மேலேயே தங்கிக் கண்களை அடைத்துக்கொள்ள, எந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் அவற்றைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது.